முதலில் சூடு, அப்புறம்தான் தீனி

ஒத்தக்கடையிலிருந்து திருமோகூர் போகும் பக்கம், யானைமலை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு சின்னத் தோட்டம். வரப்போரம் முப்பது தென்னை, உள்ளே ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம், மூலையில் பத்துப் பதினைந்து கொய்யா. தென்னைகளில் ஒன்று, இடி விழுந்து தலை போன மொட்டை மரம். இரண்டு வருடமாக அப்படியே நின்றது. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் நின்று, கதிர் அறுப்பும் முடிந்து கை ஓய்ந்திருந்த மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த விவசாயி ஆள் வைத்து அதை வெட்டினார்.

மரம் சாய்ந்ததும் தண்டில் இருந்த பொந்து இரண்டாகப் பிளந்தது. எப்போதோ மரங்கொத்தி கொத்திய பொந்து. அதற்குள் மூன்று கிளிக்குஞ்சுகள். இரண்டு அடிபட்டு அங்கேயே செத்துவிட்டன. மூன்றாவது உயிரோடு கிடந்தது. கண் திறந்திருந்தது, உடம்பில் இறகு விரியாமல் பச்சைக் குச்சி குச்சியாக நின்றது, தலையைத் தூக்கத் தெம்பில்லை. தாயும் தகப்பனும் மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தன.

விவசாயிக்குக் கிளி என்றாலே ஆகாது. அந்த வருடம் பால் பிடித்த கதிர்களைத் தோலை உரித்து, ஒரு கதிரில் பத்து மணி தின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவிய கூட்டம் அது. கொய்யாவிலும் அப்படித்தான், அரைப் பழம் தின்னும், அரைப் பழம் கீழே விழும். "கெடக்கட்டும், காக்கா தூக்கிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டு அவர் தண்டைத் துண்டு போடச் சொன்னார். பத்தாவது படிக்கிற அவர் மகள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குஞ்சைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வரும்போதே அதன் கழுத்திலும் கண்ணோரத்திலும் எறும்பு மொய்த்திருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.

அடுத்த பதினைந்து மணி நேரத்தில் அந்த வீட்டில் நடந்ததுதான் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அப்பத்தா பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சில் நனைத்து வாயில் பிழிந்தார். "ஆத்தா, பால் குடிச்சா எந்தக் குஞ்சும் தேறிரும்" என்று பேத்திக்கு ஆறுதலும் சொன்னார். குஞ்சு விழுங்கியது. விழுங்குகிறதே என்று இன்னும் கொஞ்சம். ராத்திரி குளிருமே என்று அட்டைப்பெட்டிக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தார்கள்.

காலையில் பார்த்தால் குஞ்சின் கழுத்துக்குக் கீழே ஒரு பை உப்பி, பளபளவென்று நின்றது. ராத்திரி போன பால் அப்படியே இருந்தது. வாயருகே மோந்தால் புளித்த வாடை. உடம்பு சில்லிட்டிருந்தது. செய்தித்தாளில் கால் பிடிப்பில்லாமல் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன.

பல்பு எரிந்துகொண்டுதானே இருந்தது, எப்படிச் சில்லிட்டது? அது எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் தரும், சூடு தராது. கோழிக்குஞ்சு வளர்த்தவர்களுக்குக்கூட இந்த இடத்தில் கை தவறுகிறது. முன்பு எல்லார் வீட்டிலும் நாற்பது, அறுபது வாட் குண்டு பல்பு தொங்கியது. அதன் கீழே எந்தக் குஞ்சும் பிழைத்தது. இப்போது வீட்டில் இருப்பதெல்லாம் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற பல்பு. பழக்கத்தில் அதையே தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். மாசி மாத ராத்திரியில் மதுரைப் பக்கம் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். நமக்கு அது இதமான குளிர். குச்சி இறகுக் குஞ்சுக்கு அது சாவு.

சனிக்கிழமை விடுமுறை. மகள் அழுத அழுகையில் விவசாயி மோட்டார் சைக்கிளை எடுத்தார். முன்னால் பெட்டி, பின்னால் மகள், கால்நடை மருந்தகம். அங்கே சினை பார்க்க வந்த மாடுகளும் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டிகளும் வரிசையில் நின்றன. கிளிக்குஞ்சை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா குஞ்சைக் கையில் எடுத்தார். வயிற்றைத் தொட்டார், காலைத் தொட்டார். மருந்து எதையும் தொடவில்லை. உதவியாளரிடம் கோழிக்குஞ்சுக்கு வைக்கிற குண்டு பல்பைப் போடச் சொல்லி, பெட்டியின் ஒரு பாதி மட்டும் சூடாகும்படி வைத்துவிட்டு, அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு விட்ருங்களேன்" என்றார் விவசாயி.

"உடம்பு சூடாகட்டும்ணே. ஜில்லுனு இருக்குற குஞ்சுக்கு மருந்தும் ஏறாது, தீனியும் செரிக்காது. அரை மணி நேரம் பொறுங்க."

அந்த அரை மணி நேரம்தான் வைத்தியத்தில் பாதி. பறவைக் குஞ்சுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் திறமை இறகு முளைத்த பிறகுதான் முழுசாக வரும். அதுவரை தாயின் வயிற்றுச் சூடும் கூடப் பிறந்தவற்றின் சூடும்தான் ஆதாரம். சூடு குறைந்தால் முதலில் நிற்பது குடல். குடல் நின்றால் மேலே பையில் இருக்கிற தீனி கீழே இறங்காது. இறங்காத தீனி புளிக்கும். புளித்ததில் பூஞ்சை வரும். இப்படித் தொட்டுத் தொட்டு வந்து, கடைசியில் பசியில் சாகிற குஞ்சின் தொண்டைக்குக் கீழே பை நிறையத் தீனி இருக்கும்.

அந்தப் பைதான் தீனிப்பை. கோழி அறுக்கும்போது கழுத்தடியில் தவிடும் தானியமுமாகப் பார்க்கிறோமே, அதே பை. கிளிக்குஞ்சுக்கு அது கண்ணாடி மாதிரி, தோல் மெல்லியதால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். நன்றாக இருக்கிற குஞ்சுக்குத் தீனி கொடுத்ததும் பாதி ஊதிய பலூன் மாதிரி மெத்தென்று நிற்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் தட்டையாகிவிடும். விடியற்காலையில் ஒரு தடவையாவது சுத்தமாகக் காலியாக வேண்டும். காலியாகவில்லை என்றால் குஞ்சு எவ்வளவு கத்தினாலும் அடுத்த தீனி கூடாது. பசிக்கிறதே என்று மேலே மேலே போடுகிறவர்கள்தான் அதிகம்.

பால் ஏன் கூடாது என்று அப்பத்தாவுக்கு அன்று மாலை பேத்தி விளக்கிச் சொன்னாள். கன்றுக்குட்டி பாலூட்டி, அதற்குப் பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சத்து வயிற்றில் உண்டு. பறவைக்கு அது கிடையாது. எந்தப் பறவையும் தன் குஞ்சுக்கு மாட்டுப்பால் கொடுத்ததில்லையே. அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க குடுத்து வளத்த கிளியெல்லாம் பேசுச்சு" என்றார். பிழைத்தது மட்டும்தான் நினைவில் நிற்கும். செத்ததை யார் கணக்கு வைத்தார்கள்?

அரை மணி கழித்துக் குஞ்சின் கால் சூடேறியது. தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. அதன் பிறகு டாக்டரம்மா மெல்லிய ரப்பர் குழாயைத் தீனிப்பைக்குள் இறக்கி, வெதுவெதுப்பான சலைனைக் கொஞ்சமாக விட்டு, கட்டி கட்டியாகத் திரிந்த பாலை உறிஞ்சி எடுத்தார். வாய்க்குள் நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டி, பூஞ்சைக்குச் சொட்டு மருந்து எழுதினார். இந்தக் குழாய் வேலையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்கு அடியிலேயே இருக்கிறது, குழாய் அதற்குள் போனால் ஒரு நிமிடம் தாங்காது. கோழிக்குச் செய்வதுபோலத் தலைகீழாகப் பிடித்துத் தீனிப்பையை அமுக்கி வெளியேற்றுகிற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. பெரிய கோழி தப்பிக்கலாம், கிளிக்குஞ்சுக்கு அந்த நீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

எடை போட்டார்கள். 61 கிராம். வளர்ந்த செந்தார்ப் பைங்கிளி 110 முதல் 140 கிராம் வரை இருக்கும். மூன்று வாரக் குஞ்சு இதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே விழவில்லை, தண்ணீர்ச் சத்து வற்றிப்போன அடையாளம். அதனால் முதல் இரண்டு வேளை தீனியே கிடையாது. நாம் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சில் மூன்று மில்லி. அது இறங்கிய பிறகு அடுத்த மூன்று மில்லி. அதற்கப்புறம்தான் கஞ்சி, அதுவும் தண்ணீராக. குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு வேளைத் தீனி. 61 கிராம் குஞ்சுக்கு ஆறு மில்லி, அதற்கு மேல் போகக் கூடாது.

மதுரையில் செல்லப் பறவைக் கடைகளில் கிளிக்குஞ்சுக்கென்றே தயாரித்த மாவு கிடைக்கிறது. டாக்டரம்மா அதைத்தான் வாங்கச் சொன்னார். கடை திறக்கிற வரை ஒரு நாள் ஓட்டுவதற்கு, ஊறவைத்து நன்றாக வேகவைத்த கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி மையாக அரைத்து, வெந்நீர் விட்டுத் துணியில் வடிகட்டிக் கொடுக்கலாம். உப்பு, சர்க்கரை, வெல்லம், பால் எதுவும் சேரக் கூடாது. சோறும் பிரெட்டும் வயிற்றை அடைக்கும், வளர்க்காது.

கொடுக்கிற கஞ்சியின் சூடுதான் அடுத்த கண்டம். ஆறிய கஞ்சி தீனிப்பையை நிறுத்திவிடும். கொதிக்கிற கஞ்சி தீனிப்பையைப் பொசுக்கிவிடும். பொசுங்கியது அன்றைக்குத் தெரியாது. நாலைந்து நாள் கழித்துக் கழுத்தடியில் ஓட்டை விழுந்து, கொடுத்த தீனி வெளியே வழியும்போதுதான் தெரியும். சரியான சூடு 39, 40 டிகிரி. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கஞ்சிக்குள் விட்டுப் பார்க்கலாம், ஃபாரன்ஹீட்டில் 102லிருந்து 104 காட்டினால் போதும். 43 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. கிண்ணத்தில் மேலே ஆறியிருக்கும், அடியில் கொதிக்கும், எனவே கலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கொடுக்கிற முறையை டாக்டரம்மா மகளின் கையிலேயே சிரிஞ்சைக் கொடுத்துச் செய்யவைத்தார். குஞ்சை மல்லாத்தக் கூடாது. துணி மேல் நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னந்தலையை இரண்டு விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். அலகின் ஓரத்தை லேசாகத் தொட்டால் பசியுள்ள குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி உறிஞ்சும். அந்த ஆட்டம் வந்தால்தான் கொடுக்கலாம், ஏனென்றால் அப்போதுதான் மூச்சுக்குழாய் மூடியிருக்கும். குஞ்சின் இடது ஓரத்திலிருந்து வலது பக்கத் தொண்டையை நோக்கி மெதுவாக விட வேண்டும். ஆட்டம் நின்றால் கையும் நிற்க வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலோ, மூச்சில் கடக் கடக் என்று சத்தம் வந்தாலோ தீனி வழி மாறிப் போயிருக்கிறது. உடனே தலையைத் தாழ்த்தி வாயைத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுவதைத் தவிர வீட்டில் செய்ய வழி இல்லை. மயங்கிக் கிடக்கிற குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது.

"மேடம், சிரிஞ்ச் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று மகள் கேட்டாள்.

"டீ ஸ்பூனோட ரெண்டு ஓரத்தையும் உள்பக்கமா மடிச்சா ஓடை மாதிரி ஆயிரும்மா. அதுல குடுக்கலாம். அதான் இன்னும் பத்திரம், தானா எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் எடுத்துக்கும்."

பெட்டியையும் மாற்றச் சொன்னார். செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்துபோனால் எலும்பு அப்படியே இறுகி, பிறகு நடக்க முடியாது. மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டதால் பரவாயில்லை. ஒரு சின்ன மண்சட்டியில் பழைய பருத்தித் துணியைச் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுருட்டி, நடுவே குஞ்சை உட்காரவைத்தால் கால் தானாகச் சேர்ந்து நிற்கும். சூட்டுக்குக் குண்டு பல்பு பெட்டிக்கு வெளியே ஒரு ஓரமாக. மின்வெட்டு வந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், ஆறும்போது மாற்ற வேண்டும், ஆறிய பாட்டில் குஞ்சின் சூட்டை உறிஞ்சிவிடும். இறகே இல்லாத குஞ்சுக்கு 35 டிகிரி, குச்சி இறகுக்கு 30லிருந்து 32, இறகு மூடியதற்கு 26 என்று கணக்கு. கணக்கைவிடக் குஞ்சே சொல்லும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம். வெளுத்து, சுருண்டு, கத்தாமல் கிடந்தால் சூடு போதவில்லை.

இடையில் ஒன்று. பூனை கவ்விய குஞ்சு என்றால் காயம் கண்ணுக்கே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனையின் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்தால் இரண்டு நாளில் முடித்துவிடும். மஞ்சள் அப்புவதும் வேப்பெண்ணெய் தடவுவதும் அதற்குப் பதில் ஆகாது. எண்ணெய் பட்ட இறகு சூட்டைப் பிடித்துவைக்காது.

கூடவே கையையும் கழுவச் சொன்னார். கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரும் கிளிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் வருவது, சளிக்காய்ச்சல் போலத் தொடங்கி நுரையீரலில் உட்காரும். குஞ்சை முத்தமிடுவது, வாயில் தீனி வைத்து ஊட்டுவது எல்லாம் சினிமாவோடு நிற்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர்கள் பெட்டிப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "குஞ்சு தேறுனா என்ன பண்ணப் போறீங்க?"

மகள் வாயைத் திறக்கும் முன்பே விவசாயி, "வளக்கத்தான்" என்றார். முந்தின நாள் காக்கைக்குப் போகட்டும் என்றவர்தான்.

வளர்க்க முடியாது. செந்தார்ப் பைங்கிளி காட்டுயிர். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம், சிறையும் அபராதமும் உண்டு. பறவைக் கடையில் விற்கிற வண்ண வண்ணக் குருவிகள் வெளிநாட்டு இனம், அந்தச் சட்டம் வேறு. நம் பச்சைக்கிளிக்குச் சட்டம் இதுதான். மதுரையில் இதைச் சொன்னால் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மீனாட்சியின் கையிலேயே கிளி இருக்கிற ஊர். கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு, ஒரு காலத்தில் கூண்டுகளில் கிளிகள் இருந்து மீனாட்சி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது பேர் மட்டும் இருக்கிறது, கூண்டு இல்லை. தெருவில் சீட்டெடுக்கிற கிளி ஜோசியமும் அதே சட்டத்தில்தான் அருகிப்போனது.

டாக்டரம்மாவே வனத்துறைக்குப் போன் செய்து சொன்னார். தேறுகிற வரை மருந்தகத்தின் கண்காணிப்பில் இருக்கட்டும், புதன்கிழமை ஆள் வருவார் என்று முடிவாயிற்று. இந்த ஒரு போன் முக்கியம். நல்ல மனதோடு குஞ்சை எடுத்து வைத்தவர்கூட, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால் பிறகு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

அதைவிட முக்கியமான ஒன்றை அவர் கடைசியில்தான் கேட்டார். "தாய் தகப்பன் அங்கதான் சுத்துச்சுன்னு சொன்னீங்களே, அடிபடாம இருந்திருந்தா, பொந்தோட அந்தத் தண்டுத் துண்டைப் பக்கத்து மரத்துல கட்டிவிட்ருக்கலாமே?" மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. பறவைகள் குஞ்சை மோந்து பார்த்துத் தள்ளுவதில்லை. சூடாக, தெம்பாக, காயமில்லாமல் கத்துகிற குஞ்சு என்றால் பழைய பொந்திலேயே திரும்ப வைப்பதுதான் முதல் வைத்தியம். பொந்து போய்விட்டால் மரப்பெட்டியோ தண்டுத் துண்டோ, பழைய இடத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் கட்டிவிட்டு, தூரமாக நின்று இரண்டு மணி நேரம் பார்க்கலாம். தாய் வந்து ஊட்டினால் நம் வேலை முடிந்தது. எந்தச் சிரிஞ்சும் தாய்க்கிளியின் அலகுக்கு ஈடாகாது. சில்லிட்டதும் அடிபட்டதும் தாய் தகப்பன் இல்லாததும்தான் கைக்கு வர வேண்டியவை.

சனி ராத்திரி தீனிப்பை பாதி இறங்கியது. ஞாயிறு காலையில் எடை 58. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் தினமும் ஒரே நேரத்தில், தீனிக்கு முன்னால், மகள் எடை போட்டாள். எடை குறைந்ததும் அவளுக்குக் கை நடுங்கியது. புளித்த பால் போன எடைதான் அது என்று டாக்டரம்மா போனில் சொன்னார். அன்று மத்தியானம் முதல் எச்சம் விழுந்தது, பச்சையும் வெள்ளையுமாக. அதைப் பார்க்க அப்பத்தாவும் வந்து எட்டிப் பார்த்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பல்பைப் பார்த்துவிட்டுப் படுத்தது யாரென்றால், விவசாயி. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வந்ததா என்று பார்க்க எழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

திங்கள் 60. செவ்வாய் 64. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தீனி, ராத்திரியில் ஆறு மணி நேரம் இடைவெளி. மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஊட்டியது அப்பத்தா. பஞ்சு இல்லை, பால் இல்லை. மடித்த ஸ்பூனில், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான்.

இந்தக் குஞ்சுக்கு நோய் பாலில் வந்தது. மரம் விழாமலேயே கூட்டுக்கடியில் குஞ்சுகள் விழுந்து கிடந்தால், கழுத்து முறுக்கி, கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தால், சந்தேகப்பட வேண்டியது வேறு. தாயும் தகப்பனும் மருந்தடித்த கதிரையோ, மருந்து தடவிய விதையையோ தின்றுவிட்டு வந்து அதையே கக்கி ஊட்டியிருக்கலாம். மோனோகுரோட்டோபாஸ் பறவைகளுக்குக் கொடிய விஷம். அர்ஜென்டினாவில் 1995-96இல் வெட்டுக்கிளிக்காக வயல்களில் இந்த மருந்தை அடித்தபோது, வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வெட்டுக்கிளியைத் தின்று நமக்கு நன்மை செய்துகொண்டிருந்த பருந்துகள் அவை. விதைநேர்த்தி செய்த மக்காச்சோள விதை மண்ணுக்கு மேலே சிந்திக் கிடந்தால் மயிலும் கிளியும் கவுதாரியும் பொறுக்கும். சிந்தியதைக் கூட்டி மண்ணில் மூடிவிட ஐந்து நிமிடம் போதும்.

கிளி செய்கிற சேதம் பொய்யில்லை. மக்காச்சோளம், சோளம், சூரியகாந்தி, கொய்யா வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஊரில் ஒருவர் மட்டும் முந்தியோ பிந்தியோ விதைத்தால் மொத்தக் கூட்டமும் அவர் வயலில்தான் இறங்கும், பக்கத்து வயல்களோடு ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பங்காகிக் குறையும். பால் பிடிக்கிற இரண்டு மூன்று வாரம் பளபளக்கிற ரிப்பனை முறுக்கிக் கட்டுவதும், காலை மாலை ஆள் நிற்பதும் பலன் தரும். ஒரே இடத்தில் கட்டிவைத்த ரிப்பனுக்குப் பத்து நாளில் கிளி பழகிவிடும், இடம் மாற்றிக் கட்ட வேண்டும். விஷம் வைப்பதும் வலை போட்டுப் பிடித்து விற்பதும் வழியே இல்லை.

மொட்டைத் தென்னையை வெட்டியதும் தப்பில்லை. மக்கின தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், தோப்பில் அதை விட்டுவைத்தால் மற்ற மரத்தின் குருத்துக்கு வினை. தப்பு மாதத்தில் இருக்கிறது. நம் பக்கம் கிளி பொந்தில் முட்டை வைத்துக் குஞ்சு பறக்கவிடுவது மார்கழி தொடங்கிச் சித்திரை வரை. முட்டை பொரிய மூன்று வாரத்துக்கு மேல், குஞ்சு வெளியேற இன்னும் ஆறேழு வாரம். வெட்டுவதை ஆவணி, புரட்டாசிக்குத் தள்ளினால் போதும். தள்ள முடியாவிட்டால் வெட்டுமுன் தண்டில் கோடாரிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி, பொந்திலிருந்து எதுவும் பறக்கிறதா என்று பார்க்கலாம்.

புதன்கிழமை காலை எடை 69 கிராம். குச்சிகளின் நுனி பிரிந்து முதுகில் பச்சை தெரிந்தது. பத்து மணிக்கு வனத்துறை ஊழியர் வந்தார். மண்சட்டியோடு குஞ்சை வாங்கிக்கொண்டு, "என்ன குடுத்தீங்க, எத்தன வேள?" என்று கேட்டார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அப்பத்தா உள்ளே போய், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தார். நாள், நேரம், எத்தனை மில்லி, கஞ்சியின் சூடு, தீனிப்பை எப்போது காலியானது, எடை என்று ஐந்து நாள் கணக்கும் அதில் இருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பல்பை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி விவசாயி மருந்தகத்துக்குக் கிளம்பினார்.